வீட்டு விலாசமும் வியாபாரமும்

சென்ற மாதம் ஒரு நாள் பிற்பகலில், கூரியர்ப் பையன் எங்கள் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போன சிறிய அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. பேத்திக்காக ஆன்லைனில் வரவழைத்த துணிப் பொம்மை அது. யாரோ ஒரு பெண்மணி தம் வீட்டிலிருந்தபடியே தைத்து விற்பது. பொம்மையைக் காட்டிலும் அதனோடு வந்த இரண்டு வாசகங்களே என் கவனத்தை இழுத்தன. பெட்டியின்மேல் ‘அனுப்புநர்’ என்பதன் கீழே, அவருடைய பெயர், கதவிலக்கத்தில் பழையது ஒன்று புதியது ஒன்று, தெரு, ‘மாடிப் போர்ஷன், பின்பக்கப் படி’ என்ற வழிக்குறிப்பு, பின்கோடு, கைப்பேசி எண் ஆகிய யாவும் ஒன்றுவிடாமல் அச்சாகியிருந்தன. பெட்டிக்குள்ளேயோ, ‘தயவுசெய்து யாரும் நேரில் வரவேண்டாம், வாட்ஸ்அப்பில் மட்டும் கேளுங்கள்’ என்று கையால் எழுதிய துண்டுச் சீட்டு ஒன்று கிடந்தது. வெளியே ஊருக்கெல்லாம் வழி சொல்லிவிட்டு, உள்ளே, வரவேண்டாம் என்று வேண்டிக்கொள்ளும் இந்த நிலைமை ஒரு தனிப்பட்ட பெண்மணியின் தடுமாற்றமன்று. வீடும் கடையும் ஒன்றாயிருந்து, பிரிந்து, மறுபடியும் ஒன்றாகியிருக்கும் ஒரு நீண்ட சரித்திரத்தின் தற்கால அத்தியாயம் அது.

அந்தச் சரித்திரத்தைத் தொடங்குவதற்கு ‘விலாசம்’ என்ற சொல்லைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. வடமொழியில் விளையாட்டு, ஒயில், பொலிவு என்றெல்லாம் பொருள்பட்ட இச்சொல், தமிழுக்கு வந்தபின் எடுத்த வேஷங்கள் பல. சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் அது நாடகத்துக்குப் பெயராயிற்று. ‘டம்பாச்சாரி விலாசம்’ அவ்வகையில் பிரசித்தமானது. பிறகு காபி ஹோட்டல்களின் பலகையில் ஏறியது. வீடுகளின் முகப்பில் சுண்ணாம்பு எழுத்தாக நின்றது. கடிதத்தின் உறைமேல் எழுதப்படும்போது மேல்விலாசமாயிற்று. இவை யாவற்றினும் வியக்கத்தக்க பிரயோகம் நகரத்தார் சமூகத்தில் வழங்கியது. அங்கே ஒரு வர்த்தகரின் விலாசம் என்றால் அவர் குடியிருக்கும் தெருவன்று. பாட்டன், தகப்பன், தான் என்று தலைமுறைகளின் பெயர் முதலெழுத்துக்களை வரிசையாகக் கோத்து அமைத்த வியாபாரப் பெயர்தான் விலாசம். அந்த எழுத்துக்களைத் தலையில் தாங்கிய ‘உண்டியல்’ என்ற பணச்சீட்டு ரங்கூனில் எழுதப்பட்டாலும் காரைக்குடியில் செல்லும். ஆகவே நம் மொழியில், ‘இவன் யார்’ என்ற கேள்விக்கும் ‘இவன் எங்கே இருக்கிறான்’ என்ற கேள்விக்கும் ஒரே சொல் விடையாக இருந்திருக்கிறது. இன்று சிறு வியாபாரிகள் படும் சங்கடம், இந்த இரண்டு கேள்விகளும் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டிருப்பதனால் விளைந்ததே.

வீட்டிலிருந்து தொழில் செய்வது நேற்றைக்கு வந்த வழக்கம் என்று நினைப்பவர்கள், பிள்ளையார்பாளையத்தைப் போன்ற காஞ்சிபுரத்து நெசவாளர் பேட்டை ஒன்றுக்குள் ஒருமுறை போய்வர வேண்டும். வாசற்படியைத் தாண்டியதும் கூடத்தில் குழித்தறி. குழியில் காலை வைத்து நெய்பவர் அமர்ந்திருக்க, பக்கத்தில் குடும்பத்தாரில் ஒருவர் கரைக்குரிய நாடாவை எடுத்துக் கொடுத்தபடி இருப்பார். உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் இணையும் ‘கோர்வை’ வேலைக்கு இரண்டு பேர் கை வேண்டும். அந்த இரண்டாவது கை பெரும்பாலும் மனைவியின் கையாகவோ பிள்ளையின் கையாகவோ இருந்ததனால், தறியை வீட்டைவிட்டுப் பிரித்துத் தனியிடத்தில் வைப்பது தொழிலையே இரண்டாகப் பிளப்பதற்குச் சமானம். வீட்டுக்குள் அடங்காத பாவு மாத்திரம் தெருவுக்கு வரும். தெருவின் நீளமே பாவின் நீளமாக, விடியற்காலையில் பாவு தோயும் அந்த நேரத்துக்கு வண்டிகள் ஒதுங்கிப் போகும். நெசவாளர் வாழ்ந்த பல ஊர்களில் இதற்கென்றே ‘பாவடி’ என்று பொதுவிடம் விடப்பட்டிருந்தது. சிலப்பதிகாரத்தில் மருவூர்ப்பாக்கத்தை வருணிக்கும் பகுதியும், இன்ன தொழில் செய்வோரின் இருப்பிடம் இன்னது என்று, தொழிலையும் குடியிருப்பையும் ஒன்றாகவே வைத்துப் பேசுகிறது. தெருவின் பெயரே தொழிலின் பெயராக இருந்த காலத்தில், தனியாக ஒரு வியாபார விலாசம் எவருக்கும் தேவைப்படவில்லை.

ஆனால், வீடே கடையாக இருந்த அக்காலத்திலும், வருகிறவன் எவ்வளவு தூரம் வரலாம் என்பதற்கு ஒரு வரம்பு இருந்தது. அந்த வரம்புக்குத்தான் திண்ணை என்று பெயர். அது வீட்டுக்குச் சொந்தமானது, ஆயினும் வீடன்று. தெருவைப் பார்த்தது, ஆயினும் தெருவன்று. வழிப்போக்கன் அதில் படுத்துறங்கலாம். வாத்தியார் பிள்ளைகளை உட்காரவைத்து மணலில் எழுதப் பழக்கலாம். தரகரும் தானியக்காரரும் துண்டுக்கடியில் விரல்பிடித்து விலை பேசலாம். இவ்வளவும் நடக்கும்போது உள்ளே கூடத்தில் குழந்தை தூங்கும். சமையற்கட்டில் அடுப்பு எரியும். இரண்டுக்கும் நடுவே ஒரு கதவு, பெரும்பாலும் ஒருக்களித்தபடியே இருக்கும். செட்டிநாட்டு வீடுகளில் இந்த ஏற்பாடு ஒரு சாஸ்திரத்தின் நுட்பத்தை அடைந்தது எனலாம். முகப்பில் கணக்குப்பிள்ளை மேசைப்பெட்டியோடு அமர்வார். வியாபார விஷயமாக வந்தவர் முகப்போடு திரும்பிவிடுவார். உட்கட்டான வளவுக்குள் காலடி வைப்பதற்கு உறவோ விசேஷமோ வேண்டும். ஒரே கதவிலக்கத்தில் கடையும் குடும்பமும் இருந்தன. ஆயினும் ஒன்று மற்றொன்றின்மேல் இடித்துக்கொள்ளவில்லை.

செட்டிநாட்டு நகரத்தார் கடல் கடந்து போன இடங்களில் கட்டியமைத்த ‘கிட்டங்கி’ இன்னொரு விசித்திரமான ஏற்பாடு. சிங்கப்பூரின் மார்க்கெட் தெருவில் நீண்டு கிடந்த அந்தக் கட்டடங்களில், ஒரே கூடத்தில் பல விலாசங்கள் வரிசையாக வியாபாரம் நடத்தின. ஒவ்வொரு விலாசத்துக்கும் தரையில் சில சதுர அடி இடம், ஒரு பாய், உட்கார்ந்தபடியே எழுதுவதற்கான சிறிய மரப்பெட்டி, சுவரோரமாக ஓர் அலமாரி ஆகிய இவ்வளவே ஆஸ்தி. மேலாள், அவருக்குக் கீழே அடுத்தாள், அவருக்கும் கீழே பெட்டியடிப் பையன் என்ற கிரமத்தில், ஊரிலிருக்கும் முதலாளிக்காக இரண்டு மூன்று வருஷக் கணக்கில் வந்து தங்கியவர்கள், பகலில் கடன் கொடுத்து வாங்கிய அதே இடத்தில் இரவில் பாயை விரித்துப் படுத்தார்கள். குடியிருப்பும் காரியாலயமும் ஒன்று. ஒரு கதவிலக்கத்துக்குப் பல கம்பெனிகள். இன்று நகரங்களில் மாத வாடகைக்கு மேசையும் விலாசமும் மட்டும் தரும் அலுவலகங்களைப் புதிய கண்டுபிடிப்பு என்று கொண்டாடுகிறவர்களுக்கு, நூறு வருஷத்துக்கு முந்தைய கிட்டங்கியின் கதை தெரிந்திராது.

திண்ணைக்கு வராமலே, முகத்தைப் பார்க்காமலே, ஊர்பேர் தெரியாதவனுக்குப் பொருளை விற்கலாம் என்ற நிலைமையை உண்டாக்கியது தபால் இலாகா. சென்னையில் தலைமைத் தபாலாபீஸ் 1786-லேயே ஏற்பட்டுவிட்டதாயினும், தூரத்துக்குத் தக்கபடி கூலி ஏறிக்கொண்டிருந்தவரை அது சர்க்காருக்கும் பெரிய கம்பெனிகளுக்குமே பயன்பட்டது. 1854-ஆம் வருஷத்துச் சட்டத்தால், கால் தோலா எடையுள்ள கடிதத்துக்குத் தேசம் முழுவதும் அரையணா என்று ஒரே கட்டணம் வந்தது. 1877-இல் வி.பி.பி. வந்தது, 1879-இல் காலணாக் கார்டு வந்தது, 1880-இல் மணியார்டர் தபாலாபீஸின் கைக்கு வந்தது. இருபத்தாறு வருஷத்துக்குள் நிறைவெய்திய இந்த நான்கு ஏற்பாடுகளும் சேர்ந்து, கடைத்தெருவில் ஒரு சதுர அடி இடமில்லாதவனையும் வியாபாரியாக்கும் வல்லமை பெற்றன.

இவற்றுள் வி.பி.பி. என்ற ஏற்பாட்டைச் சற்று அருகில் சென்று பார்ப்பது தகும். விற்பவர் தம் வீட்டில் பொருளைத் துணியிலோ காகிதத்திலோ கட்டி, அரக்கு வைத்து, இவ்வளவு ரூபாய் வசூலிக்கவேண்டும் என்று குறித்து உள்ளூர்த் தபாலாபீஸில் சேர்ப்பார். அது ரயிலேறிப் போய், வேறொரு ஜில்லாவில், தபால்காரர் பையில் ஒரு கிராமத்து வாசலுக்கு வரும். ‘உங்களுக்கு ஒரு வி.பி. வந்திருக்கிறது’ என்ற சொல் காதில் விழுந்ததும் வீட்டில் உண்டாகும் பரபரப்பு சாமானியமன்று. பணத்தை எண்ணிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கட்டு கைக்கு வரும். கையில் வந்த பிறகுதான் பிரிக்கலாம். அப்படி ஒருமுறை பிரித்தபோது, கடிகாரம் என்று விளம்பரத்தில் கண்டது பொம்மைக் கடிகாரமாக இருக்கவே, எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் அதை ஆயுள் பரியந்தம் அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தார். வசூலான தொகை மணியார்டராகத் திரும்பி விற்றவர் வீட்டு வாசலுக்கு வரும். பணம் கட்ட மனமில்லாதவர் ‘வாங்க மறுக்கிறேன்’ என்றால், கட்டு வந்த வழியே திரும்பிப் போகும். போக வரச் செலவு விற்றவர் தலையில். இன்று ‘கேஷ் ஆன் டெலிவரி’ என்றும் ‘ரிட்டர்ன்’ என்றும் வழங்குபவை இவையே. பெயர் மாறியிருக்கிறது, நஷ்டப்படுகிறவர் மாறவில்லை.

இந்த வியாபாரத்துக்குப் பத்திரிகை விளம்பரமே கடைவீதியாக இருந்தது. லேகியம், தைலம், பஞ்சாங்கம், துப்பறியும் நாவல், ஆர்மோனியம் கற்றுக்கொடுக்கும் புத்தகம் என்று எத்தனையோ பொருள்கள், இரண்டங்குல விளம்பரத்தின் அடியிலே ஒரு தெருப் பெயரையும் கதவிலக்கத்தையும் தாங்கி வெளிவந்தன. அவற்றுள் எது கடை, எது ஒருவர் குடியிருக்கும் வீட்டின் முன்னறை என்பதை வாங்குபவர் அறிய வழியில்லை. தபால் மூலம் பொருள் விற்பதிலும் விளம்பரம் சேகரிப்பதிலும் அனுபவம் பெற்றிருந்த திருத்துறைப்பூண்டிக்காரரான எஸ். எஸ். வாசன், 1928-இல் ஆனந்த விகடனை விலைக்கு வாங்கி நடத்தியதும், பின்னர் ஜெமினி ஸ்டூடியோவின் அதிபரானதும் தமிழ்நாடு அறிந்த விஷயம். முகம் தெரியாத வாசகனின் விருப்பத்தைக் கணிக்கும் திறமையைத் தபால் வியாபாரம் ஒருவருக்கு எவ்வளவு பழக்கியிருக்கக்கூடும் என்பதற்கு அவருடைய வாழ்க்கையே சாட்சி.

விலாசத்தை அச்சிட்டே ஆகவேண்டும் என்று சட்டம் முதன்முதலாக நிர்ப்பந்தித்ததும் அச்சுத் தொழிலில்தான் என்று சொல்லலாம். 1867-ஆம் வருஷத்து அச்சகங்கள் மற்றும் புத்தகங்கள் பதிவுச் சட்டம், எந்தப் புத்தகத்திலும் பத்திரிகையிலும் அச்சிட்டவர் பெயரும் இடமும், வெளியிட்டவர் பெயரும் இடமும் தெளிவாக இருக்கவேண்டும் என்று விதித்தது. சர்க்காரின் நோக்கம், ஏதாவது விபரீதமாக எழுதினால் யாரைப் பிடிப்பது என்பதை அறிந்துகொள்வதே. ஆனால் அந்த விதியின் பயனாக, எழுத்தாளர் பலருடைய குடியிருப்பு தமிழ் இலக்கிய சரித்திரத்தில் இடம்பெற்றுவிட்டது. மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர், தமக்குக் கும்பகோணம் காலேஜில் வேலை கிடைக்கக் காரணமாயிருந்த தியாகராச செட்டியாரிடம் கொண்ட நன்றியின் அறிகுறியாக, திருவேட்டீசுவரன்பேட்டையில் தாம் வாங்கிய வீட்டுக்குத் ‘தியாகராஜ விலாஸம்’ என்று பெயரிட்டார். அவர் பதிப்பித்த நூல்களின் முகவுரையடியில் அந்த வீட்டின் பெயரே விளங்கும். 1925-இல் ‘ஜகன்மோகினி’யை ஏற்று நடத்தத் தொடங்கிய வை. மு. கோதைநாயகி அம்மாள், திருவல்லிக்கேணியில் குடும்பம் நடத்திக்கொண்டே பத்திரிகையும் நடத்தி, நாவலும் எழுதி, அச்சுக்கூடமும் வைத்தார். சி. சு. செல்லப்பா 1959-இல் தொடங்கிய ‘எழுத்து’ம் திருவல்லிக்கேணியில் அவர் குடியிருந்த வீட்டிலிருந்தே வெளிவந்தது, 119 இதழ்கள் வந்து நின்ற அந்தப் பத்திரிகைக்கு அவர் வீட்டைத் தவிர வேறு ஆபீஸ் இருந்ததில்லை. வாசகர்கள் வந்து கதவைத் தட்டினார்கள், பேசிவிட்டுப் போனார்கள். அது தொந்தரவாக இருந்திருக்கலாம், பயமாக இருந்ததில்லை.

பயமும் பிரிவினையும் வேறு வழியாக வந்தன. குடியிருப்பு வேறு, கடைவீதி வேறு, தொழிற்சாலை வேறு என்று ஊரைக் கோடு கிழித்துப் பகுப்பதே நாகரிகம் என்ற கொள்கை, மேல்நாட்டு நகரமைப்புச் சாஸ்திரத்தோடு இங்கே வந்தது. 1920-இல் சென்னை நகரமைப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் பின்னணியில், மாம்பலத்து ஏரிப் பிரதேசத்தில் தியாகராய நகர் குடியிருப்புப் பேட்டையாக உருவாயிற்று. காற்றோட்டமான வீடுகள், நடுவிலே பூங்கா, அகன்ற சாலைகள் என்று அமைந்த அந்தப் பேட்டையின் வீடுகளில் பழைய மாதிரித் திண்ணைக்கு இடமில்லை; மதிற்சுவரும் இரும்பு கேட்டும் வந்தன. விதி வேடிக்கையானது. ஒரு காலத்தில் குடும்பங்கள் வாழ்ந்த ரங்கநாதன் தெருவில் இன்று தீபாவளி சமயத்தில் நடப்பதற்கே இடமில்லை. குடியிருப்பென்று வகுத்த இடத்தைக் கடை விழுங்கிவிட்டது. இதற்கிடையில், 1939-இல் ராஜாஜி மந்திரிசபை பொது விற்பனை வரியைக் கொண்டுவந்ததிலிருந்து, ‘வியாபார ஸ்தலம்’ என்பது சர்க்கார் புஸ்தகத்தில் பதிவாகவேண்டிய ஒரு விஷயமாயிற்று. யாரிடம் வரி கேட்பது என்பதற்கும் எங்கே போய்க் கணக்கைப் பார்ப்பது என்பதற்கும் மறுபடியும் அதே விலாசம் விடையாக வேண்டியிருந்தது.

இந்தச் சரித்திரத்தில் இதுவரை நான் பேசாத ஒரு கூட்டம் உண்டு. வீட்டிலிருந்தே உழைத்தும், தங்கள் விலாசத்தை எந்தப் பொருளின்மேலும் ஒருபோதும் கண்டிராத பெண்கள் அவர்கள். மதுரையில் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண்கள் சமையல் முடிந்த நேரத்தில் துணியை மடியில் போட்டு, நூலால் நுணுக்கமாக முடிச்சுப் போட்டு முடிச்சுப் போட்டுச் சுங்குடிச் சேலையைச் செய்தார்கள். சேலை முதலாளியின் கடைப் பெயரில் விற்றது. சிவகாசி, கோவில்பட்டிப் பக்கங்களில் வீட்டுத் தாழ்வாரங்களில் தீப்பெட்டிக் கூடுகள் ஒட்டப்பட்டன. கூட்டின்மேல் இருந்தது கம்பெனியின் லேபிள். திருநெல்வேலிச் சீமையில் முறத்தை மடியில் வைத்து, இலையைக் கத்தரித்து, தூள் அடைத்து, நூல் சுற்றிய பீடியின்மேலும் வேறொருவர் பெயரே ஒட்டப்பட்டது. வீட்டிலிருந்து பீடி சுற்றுபவரும் தொழிலாளியே என்று 1966-ஆம் வருஷத்துச் சட்டம் ஒப்புக்கொள்ளும்வரை, அவர்கள் உழைப்புக்குச் சர்க்கார் புஸ்தகத்திலும் விலாசம் இருந்ததில்லை. ஆதலால், வீட்டில் தொழில் என்பதில் புதுமை ஒன்றுமில்லை. வீட்டிலிருந்து செய்த பொருளின்மேல் செய்தவளின் பெயரும் இடமும் ஏறியிருப்பதே புதுமை. அந்தத் துணிப் பொம்மைப் பெட்டியின்மேலிருந்த சீட்டு, அவ்வகையில், ஓர் உரிமைப் பத்திரம் போன்றது. தலைமுறை தலைமுறையாக மற்றவர் விலாசத்துக்கு உழைத்த கைகளுக்குச் சொந்த விலாசம் கிடைத்திருக்கிறது.

ஆனால் அந்த உரிமை வரும்போதே அதனோடு ஓர் அபாயமும் வந்திருக்கிறது. பொட்டலத்தில் அடைத்து விற்கும் பொருளின்மேல், செய்தவர் அல்லது அடைத்தவருடைய பெயரும் முழு விலாசமும் இருக்கவேண்டும் என்பது எடையளவுச் சட்டத்தின் 2011-ஆம் வருஷத்து விதி. ஆன்லைனில் விற்கும் ஸ்தாபனம் தன் சட்டப்பூர்வமான பெயரையும் இருப்பிட விலாசத்தையும் தளத்திலேயே காட்டவேண்டும் என்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2020-இல் வந்த விதி. ஜி.எஸ்.டி. பதிவுக்கு ‘முதன்மை வியாபார ஸ்தலம்’ வேண்டும். வாடகை வீடானால், வாடகை ஒப்பந்தமோ வீட்டுக்காரரின் சம்மதக் கடிதமோ, அதனோடு மின்சார பில்லோ கேட்பார்கள். பதிவு கிடைத்தபின் சான்றிதழை அந்த ஸ்தலத்தில் பார்வையாக மாட்டவேண்டும். வாசலிலுள்ள பெயர்ப்பலகையில் பதிவு எண்ணைப் பொறிக்கவேண்டும். எண்ணைத் தெரிந்த எவரும் கணினியில் தேடினால் அந்த விலாசத்தைக் காணலாம். தம் மாநிலத்துக்குள் மட்டும் ஆன்லைன் அங்காடிகள் மூலம் விற்கும் சிறு வியாபாரிகளுக்கு, 2023 அக்டோபர் 1 முதல், வரம்புக்குட்பட்ட விற்பனையானால் பதிவு கட்டாயமில்லை என்று சலுகை வந்திருப்பது ஓரளவு ஆறுதல். எல்லை தாண்டி விற்பவருக்கு அந்த ஆறுதலும் இல்லை.

இவற்றில் ஒன்றையும் அநியாயம் என்று சொல்லமாட்டேன். வாங்குபவன் ஏமாந்தால் யாரைக் கேட்பது என்று தெரியவேண்டும். பொம்மைக் கடிகாரத்தை அலமாரியில் வைத்துக்கொண்டிருந்த எங்கள் பெரியவருக்கு அந்த விதிகள் இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். ஆனால் விதி வகுத்தவர்களின் மனக்கண்முன் நின்றது, பகலில் திறந்து இரவில் பூட்டும் கடை. இந்தப் பெண்மணியின் கடையோ, இரவில் குழந்தைகள் படுத்துறங்கும் அதே அறை. பொருள் பிடிக்காத ஒருவன் கோபத்தோடு கடைக்குப் போனால் அங்கே நாலு பேர் இருப்பார்கள். அதே கோபத்தோடு மாடிப் போர்ஷனின் பின்பக்கப் படியில் ஏறினால் அங்கே யார் இருக்கிறார்கள்? கோபம்கூட வேண்டாம், பெயரையும் எண்ணையும் படத்தையும் பார்த்துவிட்டு வீணாக விசாரிக்க வருகிறவர்கள் போதும். தவிரவும், ‘குடியிருப்புக்கு மட்டும்’ என்று எழுதிய வாடகை ஒப்பந்தமும், தினம் இரண்டு முறை கூரியர் வண்டி வந்து நிற்பதைக் கணக்கெடுக்கும் கீழ்வீட்டுக்காரரும், வீட்டு மின் இணைப்பில் வியாபாரமா என்று எழும் கேள்வியும் வேறு. திண்ணையிருந்த காலத்தில் வந்தவன் திண்ணையோடு நின்றான். இன்றைய விலாசத்துக்குத் திண்ணை கிடையாது; அது ஊர், தெரு, கதவிலக்கம், படிக்கட்டு என்று ஒரே மூச்சில் படுக்கையறை வாசலுக்குக் கொண்டுபோய் விட்டுவிடுகிறது.

முன்னோர் இதற்கு ஒரு வழி கண்டுவைத்திருந்தார்கள் என்பதே எனக்கு ஆச்சரியம். பழைய பத்திரிகைகளில், தபால்பெட்டியைக் குறிக்கும் ‘த.பெ. எண்’ என்று தொடங்கி, பக்கத்தில் ஊரும் மண்டல எண்ணுமாக, ‘சென்னை-5’, ‘சென்னை-17’ என்று முடியும் விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த மண்டல எண்கள்தாம், 1972 ஆகஸ்டு 15-இல் பின்கோடு வந்தபோது 600005, 600017 என்று வாலாக ஒட்டிக்கொண்டவை. தபாலாபீஸில் வாடகைக்கு எடுத்த அந்தப் பெட்டி ஒரு சின்னத் திண்ணையேதான்: ஆள் யார் என்பதைத் தபாலாபீஸ் அறியும்; பதிவேட்டில் அவர் பெயரும் வீடும் உண்டு; தவறு நடந்தால் சர்க்கார் அவரைக் கண்டுபிடிக்கும்; ஆனால் தெருவில் போகிறவன் அவர் வாசலுக்கு வரமுடியாது. அந்த வசதி இன்றும் தபாலாபீஸ்களில் இருக்கிறது. சட்டங்கள் கேட்கும் முழு விலாசத்துக்கு அது மட்டும் ஈடாகாது என்பதே குறை. 2025-இல் தபால் இலாகா ‘டிஜிபின்’ என்ற பத்தெழுத்துக் குறியீட்டைக் கொண்டுவந்திருக்கிறது. தேசம் முழுவதையும் ஏறக்குறைய நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டராகக் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு குறியீடு தருகிறது. ஒருவர் இருக்குமிடத்தை நான்கு மீட்டர் நுட்பமாகச் சொல்லத் தெரிந்த இலாகாவுக்கு, அதைச் சொல்லாமல் காக்கவும் தெரிந்திருக்கவேண்டும்.

என் அபிப்பிராயம் இதுதான். வியாபாரி தன்னை மறைத்துக்கொள்ளக் கூடாது. நாணயத்துக்கு விலாசம் வேண்டும். ஆனால் அந்த விலாசத்தைச் சர்க்காரும் தபாலாபீஸும் ஆன்லைன் அங்காடியும் அறிந்திருப்பது ஒன்று. அட்டைப்பெட்டியின்மேல் ஊரெல்லாம் படிப்பது வேறு. வீட்டிலிருந்து விற்கும் சிறு வியாபாரிகளின் தபால்பெட்டி இலக்கத்தை, பின்னணியில் உண்மையான இருப்பிடம் பதிவாகியிருக்கும் பட்சத்தில், பொட்டலத்துக்கும் விளம்பரத்துக்கும் போதுமான விலாசமாகச் சட்டம் ஏற்றுக்கொள்ளவேண்டும். செய்வதற்கு இதில் பிரமாதச் செலவொன்றும் இல்லை. பெட்டிகள் இருக்கின்றன, பதிவேடு இருக்கிறது, தபால்காரரும் இருக்கிறார்.

அதுவரையில் வாங்குகிற நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அட்டைப்பெட்டியைப் பழைய பேப்பர்க்காரரிடம் போடுவதற்கு முன், அதன்மேல் ஒட்டியிருக்கும் அனுப்புநர் சீட்டை உரித்துக் கிழித்துப் போடுங்கள். அதில் இருப்பது ஒருவருடைய கடை மட்டுமன்று; அவர் வீடு.